அளவுகோலும் ஒப்பீட்டு அலகும்: பரீட்சை, தரப்படுத்தல், திகனப் பகுதித் தோட்டப் பிள்ளைகள் – ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கல்வி வரலாறு பற்றிய ஆய்வுகள் இலவசக் கல்வி, போதனாமொழி மாற்றம், பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை ஆகியவற்றையே பெரும்பாலும் மையமாகக் கொண்டுள்ளன. பரீட்சை பற்றிப் பேசப்படும்போதும், அது கல்வியின் பயனை அளக்கும் நடுநிலையான கருவி என்ற எடுகோளே பொதுவாக ஏற்கப்படுகின்றது. இவ்வெடுகோளைச் சற்று நெருங்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்த அளவீட்டிலும் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று அளவுகோல், அதாவது வினாத்தாளும் புள்ளியிடும் முறையும். மற்றையது ஒப்பீட்டு அலகு. அதாவது யாருடைய புள்ளியை யாருடைய புள்ளியோடு வைத்து நோக்குகின்றோம் என்பது. அளவுகோலை வகுப்போர் உளவியலாளரும் புள்ளிவிபரவியலாளரும் ஆவர். ஒப்பீட்டு அலகைத் தீர்மானிப்பதோ அரசியல். இலங்கையில் அளவுகோல் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. ஆனால் ஒப்பீட்டு அலகு பற்றிய கேள்வி மொழியோடும் மாவட்டத்தோடும் நின்றுவிட்டது. இதன் விளைவைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்றாகத் திகனப் பகுதியை நாம் கொள்கின்றோம்.

கண்டி நகரிலிருந்து மகியங்கனை வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது திகன. தும்பறைப் பள்ளத்தாக்கின் இப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பியும், பின்னர் கொக்கோவும் பயிரிடப்பட்டன. பல்லேகலை, ராஜவெல்ல முதலிய தோட்டப் பெயர்கள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இப்பகுதியில் வாழ்கின்றனர். 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகர் மூழ்கியது. அணைக்கட்டுப் பணிகளோடும் குடியேற்றங்களோடும் திகன வளர்ச்சி கண்டது. 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்கள் மீது நிகழ்ந்த வன்செயல்களினால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் ஆகிய மூவரின் பிள்ளைகளும் இங்கு ஒரே பரீட்சைகளுக்கே தோற்றுகின்றனர். பல்கலைக்கழக அனுமதியின்போது அவர்கள் அனைவரும் 'கண்டி மாவட்டம்' என்ற ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

அளவுகோலின் பிறப்பு

நுண்ணறிவை அளக்கும் நவீன சோதனை 1905 இல் பிரான்சில் தோன்றியது. அல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் அதனை ஆக்கினர். பாடசாலையில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்கு வேண்டிய விசேட உதவியை அளிப்பதே பினேயின் நோக்கமாயிருந்தது. தாம் பெற்ற எண், பிறப்பிலே அமைந்த மாறாத ஆற்றலைக் குறிப்பதன்று என்பதை அவர் வற்புறுத்தினார். எனினும் இச்சோதனை அத்திலாந்திக்கைக் கடந்ததும் அதன் பொருள் மாறிற்று. 1916 இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் தேர்மன் அதனைத் திருத்தி அமைத்தார். 1917 இல் அமெரிக்கா போரில் இறங்கியபின், இராணுவத்திற் சேர்க்கப்பட்டோரில் பதினேழு இலட்சம் பேர்வரை இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். அப்புள்ளிகளை ஆதாரமாகக் கொண்டு, கார்ல் பிரிகம் 1923 இல் வெளியிட்ட நூலில், தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறியோரை அறிவிற் குறைந்தோர் எனக் காட்ட முயன்றார். 1926 இல் தொடங்கிய அமெரிக்கக் கல்லூரி அனுமதிச் சோதனையை உருவாக்குவதில் முன்னின்றவரும் இவரே. 1930 இல் தமது முந்திய முடிவுகள் ஆதாரமற்றவை என அவரே ஒப்புக்கொண்டார். ஆயின் சோதனை நின்றுவிடவில்லை.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பின்னர், பதினொரு வயதில் பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்கு அனுப்பும் முறை பரவியது. நுண்ணறிவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது என வாதிட்ட சிறில் பேட் என்பாரின் கருத்துகள் இம்முறைக்கு வலுவூட்டின. அவர் 1971 இல் மறைந்தபின், தனித்தனியே வளர்ந்த இரட்டையர் பற்றி அவர் வெளியிட்ட எண்கள் ஐயத்துக்கு இடமானவை என 1974 இல் லியோன் காமின் எடுத்துக்காட்டினார். அவ்வெண்களை நம்புவதற்கில்லை என்பதே இன்று ஆய்வாளரின் பொதுக் கருத்து.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. உதவ வேண்டிய பிள்ளையைக் கண்டறியப் பிறந்த கருவி, விலக்க வேண்டிய பிள்ளையைக் கண்டறியும் கருவியாக மாறியது. கருவியின் கணிதத்தில் பெரும் மாற்றம் ஏற்படவில்லை. அதனைக் கையாண்ட சமூகத்தின் தேவையே மாறியது.

இலவசக் கல்வியும் தெரிவும்

இலங்கையில் போட்டிப் பரீட்சையின் வரலாற்றை முற்றாகக் கறைபடிந்ததாகக் கொள்வது நியாயமாகாது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தார். அவரது தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்ரோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டன. ஐந்தாம் வகுப்பின் இறுதியில் நடத்தப்பட்ட புலமைப்பரிசில் பரீட்சை மூலம் ஏழைப் பிள்ளைகள் அக்கல்லூரிகளுக்குத் தெரிவாகினர். அதுவரை ஆங்கிலக் கல்வி கட்டணம் செலுத்த வல்லோரின் உடைமையாக இருந்ததை நோக்குமிடத்து, இது ஒரு பெரும் சமூக மாற்றம் என்பதில் ஐயமில்லை. பெயரும் குலமும் செல்வாக்கும் அறியாத வினாத்தாள், கிராமப் பிள்ளைக்கு ஒரு வாயிலைத் திறந்தது.

ஆனால் அவ்வாயில் எல்லாக் கிராமங்களுக்கும் திறக்கவில்லை. தோட்டப்பகுதி அதற்கு வெளியே நின்றது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. இப்பொறுப்பு பெரும்பாலும் ஒரே மண்டபமும் ஒரே ஆசிரியருமாக முடிந்தது. கொழுந்து பறிக்கவும் களை பிடுங்கவும் கைகள் தேவைப்பட்ட பொருளாதாரத்தில், பத்து வயதைத் தாண்டிய பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பதால் தோட்ட நிருவாகத்துக்கு இலாபம் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அதனைத் தொடர்ந்து அவர்கள் வாக்குரிமையும் இழந்தனர். வாக்கு இல்லாத இடத்தில் பாடசாலை கேட்பதற்குக் குரலும் இல்லாமற்போயிற்று. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதியிலேயே அரசிடம் வந்தன. இக்கால ஒழுங்கு, அடுத்து நாம் நோக்கவுள்ள தரப்படுத்தல் விவகாரத்தை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

தரப்படுத்தல்: மொழியிலிருந்து மாவட்டத்துக்கு

1970 இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவியேற்றபின், 1970/71 கல்வியாண்டுக்கான பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாக வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. நானூறு புள்ளிகளில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 உம், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229 உம் பெறவேண்டியிருந்தது. பொறியியலுக்கு இவை முறையே 250, 227 ஆக இருந்தன. 1973 இல் இரு மொழிமூலப் புள்ளிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் புள்ளிவிபர முறை புகுத்தப்பட்டது. 1974 இல் அதனோடு மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. விஞ்ஞானத் துறைகளுக்கு அனுமதி பெற்றோரில் தமிழரின் பங்கு 1970 இல் ஏறத்தாழ 35 வீதமாக இருந்தது. 1974 இல் அது ஏறத்தாழ 21 வீதமாகக் குறைந்தது. பேராதனையில் வரலாறு கற்பித்த சி. ஆர். டி சில்வா 1974 இலேயே இதனை எண்களோடு ஆராய்ந்து எழுதினார்.

மொழிவாரித் தரப்படுத்தலின் உள்ளே மறைந்திருந்த எடுகோளை இங்கு நோக்குதல் தகும். இரு குழுவினரின் புள்ளிகளையும் ஒரே சராசரிக்கு இழுத்து நிறுத்துவதாயின், இரு குழுவினரின் ஆற்றலும் ஒரே வகையில் பரவியுள்ளது எனவும், புள்ளியில் தோன்றும் வேறுபாடு புள்ளியிடுவோரின் தாராளத்தால் அல்லது வினாத்தாளின் கடினத்தால் மட்டும் விளைந்தது எனவும் கொள்ளவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிசன் பாடசாலைகளும் சைவ வித்தியாவிருத்திச் சங்கப் பாடசாலைகளும் பல தலைமுறைகளாகக் கட்டியெழுப்பிய விஞ்ஞானக் கல்வியின் விளைவை இக்கணிதம் ஒரு பிழையாகக் கொண்டு திருத்தியது. இது தமிழ் இளைஞர்களிடையே எழுப்பிய மனக்கசப்பும் அதன் அரசியல் விளைவுகளும் யாவரும் அறிந்தவை.

ஆனால் இவ்விவகாரத்தில் இரு தரப்பினரும் பேசாத ஒன்றுண்டு. 'தமிழ்மொழி மூலம்' என்ற ஒப்பீட்டு அலகினுள் யாழ்ப்பாண நகரப் பாடசாலையும் ராஜவெல்லத் தோட்டப் பாடசாலையும் ஒன்றாக அடங்கின. 250 புள்ளியா 229 புள்ளியா என்ற வாதம் நடந்த ஆண்டுகளில், தோட்டப் பாடசாலைகளின் பெரும்பகுதி அரசின் கல்வி அமைப்புக்குள்ளேயே வந்திருக்கவில்லை. உயர்தர வகுப்பின் வாசலையே காணாத பிள்ளைக்கு இவ்வெல்லைகளில் எதுவாயினும் ஒன்றே. அநீதி இழைக்கப்பட்டோரின் பட்டியலிலும் இடம்பெறாத அளவுக்கு அப்பிள்ளை பின்னே நின்றது.

மாவட்டப் பங்கீடு இதிலும் விசித்திரமான விளைவை உண்டாக்கியது. இடங்கள் மாவட்டத்தின் மக்கட்டொகைக்கு ஏற்பப் பகிரப்பட்டன. மலைநாட்டு மாவட்டங்களின் தொகையில் தோட்டத் தொழிலாளரும் அடங்கினர். ஆகவே அவர்களின் தலைகள் மாவட்டத்தின் பங்கைப் பெருக்கின. அப்பங்கை நிரப்பியோர் பெரும்பாலும் அம்மாவட்டங்களின் நகரப் பாடசாலைகளில் கற்ற ஏனையோர். எண்ணப்படுவதற்கு உரியோராகவும் பயன்பெறுவதற்கு உரியோரல்லராகவும் ஒரு மக்கட்பிரிவு இருந்தமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கணிதம் திருந்தியது, அலகு திருந்தவில்லை

1977 இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. ஆயினும் மாவட்ட முறை நிலைத்தது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீத இடங்கள் மாவட்ட மக்கட்டொகை அடிப்படையிலும், 5 வீத இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் இப்பதினாறில் அடங்கும். கண்டி அடங்காது.

2001 முதல் பயன்படும் இசட் புள்ளி முறையும் பேராதனையோடு தொடர்புடையதே. விவசாய பீடத்துப் புள்ளிவிபரவியற் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் அதனை வகுப்பதில் முன்னின்றவர். இதன் அடிப்படை எளிது. மாணவனின் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் எண்ணை நியம விலகலால் வகுக்கவேண்டும். சராசரி 50, நியம விலகல் 10 ஆயுள்ள பாடத்தில் 65 பெற்றவனின் இசட் புள்ளி 1.5 ஆகும். சராசரி 40, நியம விலகல் 20 ஆயுள்ள பாடத்தில் அதே 65 பெற்றவனுக்கு 1.25 மட்டுமே. கடினமான பாடத்தையும் எளிய பாடத்தையும் ஒப்பிடுவதற்கு, வெறும் கூட்டுத்தொகையைவிட இது நேர்மையான வழி என்பதை நாம் மறுக்கவில்லை.

எனினும் இக்கணிதமும் யாரை யாரோடு சேர்க்கின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது என்பதை நீதிமன்றமே நாட்டுக்கு உணர்த்த நேர்ந்தது. 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினர். இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கொண்டு கணிக்கப்பட்ட இசட் புள்ளிகளை உயர்நீதிமன்றம் 2012 ஜூனில் செல்லுபடியற்றவையாக்கி, வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. வெவ்வேறு வினாத்தாளுக்கு விடையெழுதியோரை ஒரே தொகுதியாகக் கொள்ளலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். வெவ்வேறு பாடசாலை நிலைமைகளில் கற்றோரை ஒரே தொகுதியாகக் கொள்ளலாமா என்ற வினா இன்னும் எந்த மன்றின் முன்னும் தீர்க்கப்படாமல் நிற்கின்றது.

திகனப் பகுதியில் அவ்வினா மிகக் கூர்மையடைகின்றது. இலங்கையின் பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 எனப் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் 1ஏபி பாடசாலைகளில் மட்டுமே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. வகை 2, வகை 3 பாடசாலைகளில் உயர்தரமே இல்லை. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை இறுதி இரு வகைகளைச் சேர்ந்தவை. தர்மராஜ, கிங்ஸ்வூட், மகாமாயா முதலிய கண்டி நகரக் கல்லூரிகளில் ஆய்வுகூடமும் அனுபவம் மிக்க ஆசிரியரும் மாலைநேரத் தனியார் வகுப்புகளும் சூழப் பயிலும் பிள்ளையும், தோட்டத்து லயத்திலிருந்து வந்து விஞ்ஞான ஆசிரியரைத் தேடும் பிள்ளையும் ஒரே மாவட்ட இடத்துக்காகப் போட்டியிடுகின்றனர். அட்டன் பகுதித் தோட்டப் பிள்ளை நுவரெலியா மாவட்டத்தவன் என்பதால் பின்தங்கிய மாவட்டச் சலுகைக்கு உரியவன். மலையின் இப்பக்கத்து நாவலப்பிட்டிப் பகுதிப் பிள்ளையோ, தும்பறைப் பகுதிப் பிள்ளையோ அவ்வாறு உரியவனல்லன். இருவரின் பெற்றோரும் வாங்குவது ஒரே நாட்சம்பளம். இடையில் இருப்பது நிருவாக எல்லைக்கோடு மட்டுமே. கண்டி நகரின் சிறப்பே அம்மாவட்டத்து ஏழைப் பிள்ளைக்குத் தடையாகிவிடுகின்றது.

இது மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. உடதும்பறை, மெததும்பறை மலைக்கிராமங்களின் சிங்களப் பிள்ளைகளும், திகனப் பகுதியின் வறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பட்டியலில் அதே நிலையிலேயே நிற்கின்றனர். இனத்தின் பெயரால் ஒருவரையொருவர் பகைக்குமாறு தூண்டப்படும் இம்மூன்று சமூகங்களின் பிள்ளைகளையும் இணைப்பது ஒரே வகைப் பாடசாலையின் ஒரே வகைக் குறைபாடு என்பது சிந்திக்கத்தக்கது.

பத்து வயதில் ஒரு தீர்ப்பு

பல்கலைக்கழக வாசலில் நிகழும் இத்தெரிவின் முதற்படி ஐந்தாம் தரத்திலேயே அமைகின்றது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் தோற்றுகின்றனர். அதன் முதலாம் வினாத்தாள் பொது நுண்ணறிவைச் சோதிப்பதாகவும், இரண்டாம் வினாத்தாள் கற்றவற்றைச் சோதிப்பதாகவும் கொள்ளப்படுகின்றது. உருவங்களின் ஒழுங்கையும் எண்களின் தொடரையும் கண்டறியும் வினாக்கள் பாடசாலைப் படிப்பைச் சாராதவை, ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமானவை என்பது பலரின் நம்பிக்கை. ஆயின் அத்தகைய வினாக்களுக்கென்றே கைந்நூல்களும் மாதிரி வினாத்தாள்களும் மேலதிக வகுப்புகளும் நாடெங்கும் விற்பனையாகின்றன. பயிற்சியால் உயரும் புள்ளியைப் பிறவி ஆற்றலின் அளவு எனக் கொள்ளமுடியாது. அது பெருமளவுக்குப் பயிற்சியை வாங்கும் ஆற்றலின் அளவே.

இப்பரீட்சையின் வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் மொழிமூலந்தோறும் வேறாக வெளியிடப்படுவது குறிப்பிடத்தக்கது. ஒரே எண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது என்பதை அரசே இங்கு ஏற்கின்றது. ஆனால் அவ்வேற்பு மாவட்டத்துக்கு உள்ளே இறங்குவதில்லை. 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதும், அம்மூன்றுக்கும் அனைவருக்கும் முழுப்புள்ளி வழங்குமாறு உயர்நீதிமன்றம் பணித்ததும் அண்மைய செய்தி. மூன்று வினாக்கள் சிலருக்கு முன்பே கிடைத்தமை நாட்டையே உலுக்கியது. அவ்வாறு உலுக்கியது நியாயமே. ஐந்து ஆண்டுகள் முழுவதும் சிலருக்கு ஆசிரியர் கிடைத்ததும் சிலருக்குக் கிடைக்காததும் அத்தகைய அதிர்ச்சியை எழுப்புவதில்லை.

முடிவாக

பரீட்சையை ஒழித்துவிடவேண்டும் என்பது நமது வாதமன்று. வினாத்தாள் இல்லாத இடத்தில் சிபாரிசுக் கடிதமும் பணமும் வந்து அமரும் என்பதைக் கன்னங்கரா காலத்துக்கு முந்திய வரலாறு காட்டுகின்றது. தோட்டப்பகுதியில் கடந்த நான்கு தசாப்தங்களில் தோன்றிய ஆசிரியர், மருத்துவர், பொறியியலாளர் ஆகியோரும் இப்பரீட்சைகளின் வழியே வந்தவர்களே. அவர்களின் வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தடையைத் தாண்டிய சிலரைச் சுட்டித் தடையே இல்லை என வாதிடுவது வரலாற்று நோக்காகாது.

நாம் வேண்டுவது இரண்டு. முதலாவது, ஒப்பீட்டு அலகு மாவட்டத்திலிருந்து பாடசாலைக்கு இறங்கவேண்டும். பாடசாலைகளின் வகை, ஆசிரியர் எண்ணிக்கை, ஆய்வுகூட வசதி ஆகிய விபரங்கள் யாவும் கல்வி அமைச்சிடம் உள்ளவையே. மாவட்ட எல்லைக்குப் பதிலாக இவ்விபரங்களைக் கொண்டு பின்தங்கிய பிள்ளையை இனங்காண்பதில் கணிதத் தடை எதுவுமில்லை. அவ்வாறு செய்யின் கண்டியின் தோட்டப் பிள்ளையும், பின்தங்கிய மாவட்டங்களின் நகரப் பாடசாலைகளில் வசதியோடு பயிலும் பிள்ளையும் தத்தமக்குரிய இடத்தில் வைத்து நோக்கப்படுவர். இரண்டாவது, ஐந்தாம் தரப் பரீட்சையின் பெறுபேறுகளைப் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பாகக் கொள்வதோடு நில்லாது, பாடசாலையைப் பற்றிய முறைப்பாடாகவும் வாசிக்கவேண்டும். ஒரு தோட்டப் பாடசாலையில் ஆண்டுக்கு ஆண்டு எவரும் வெட்டுப்புள்ளியை எட்டவில்லையெனின், குறை இருப்பது பிள்ளைகளின் மூளையிலன்று. அடுத்த ஆண்டு அங்கு அனுப்பப்படவேண்டியவர் ஓர் ஆசிரியர்.

1905 இல் பினே தம் சோதனையை வகுத்தது இத்தகைய பயனுக்காகவே. உதவி எங்கே தேவை என அறிவதற்குப் பிறந்த கருவியை அப்பணிக்கே மீட்டுத் தருவது, இலவசக் கல்வியை வென்றெடுத்த நாட்டுக்கு இயலாத காரியமன்று. திகனப் பகுதியின் தோட்டப் பிள்ளைகள் மாவட்டத்தின் தொகையில் இதுவரை எண்ணப்பட்டே வந்துள்ளனர். இனி அவர்கள் கணக்கில் எடுக்கப்படவும் வேண்டும்.